யோமாக் காட்டுக்கு ஒரு பெருநாள் சட்டை

பசுந்தாங், யங்கோன்
10 மார்ச் 1995

அகில பர்மா குடைச் சக்கரவர்த்தியும், கிழிந்த குடைகளின் காவலரும், பசுந்தாங் கடைத்தெரு மூன்றாம் சந்தின் ஏகபோக அதிபதியுமாகிய உன் தாய்மாமன் முகைதீன், பரங்கிப்பேட்டையில் எழுந்தருளியிருக்கும் மருமகள் உஸ்மாவுக்கு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உனக்கு முன்பாக இதைப் பிரித்துப் படிக்கும் தபால் அதிகாரி அவர்களுக்கும் என் சலாம். ஐயா, இதில் அரசாங்க சமாச்சாரம் எதுவும் இல்லை. யானை சமாச்சாரம் மட்டுமே. படித்து முடித்ததும் ஒழுங்காக ஒட்டி அனுப்பவும். போன தடவை பசை போதவில்லை.

உஸ்மா, இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். என் கடையிலுள்ள அத்தனை குடைகளையும் சாட்சி வைத்து இதை முன்கூட்டியே உறுதி சொல்கிறேன். நம்பினேன் என்று எவராவது வந்தால் அவருக்கு ஒரு குடை இனாம். கம்பி இல்லாதது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ப்யே ஊர்க் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது யோமா மலைக் காட்டில் நம்முடைய லாரி அச்சு முறிந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ஓடை. அதன் மேல் சாய்ந்த ஒரு வேங்கை மரம். மூங்கில் வெட்டுகிறவர்கள் நமக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். உன் தம்பி நிஹால் ஓடையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். உன் உம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீ ஆறுவதற்குள் ஆள் இல்லை. ஊரே தேடியது, ராணுவம் தேடியது, யானைக்காரர்கள் தேடினார்கள். காலில் கிடந்த சிவப்புச் செருப்பில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். உன் மாமன் நிறுத்துகிற ரகம் இல்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு நான் அங்கே போயிருந்தேன். மரத்தடியில் என் குடையை விரித்ததுதான் தாமதம், காடே எழுந்து நின்றது. யோமா மலைக்கு ராஜாவான யானையார், மூன்று மாடி உயரம், வெற்றிலை போட்டுக்கொண்டே வந்தார். "முகைதீன் பாய்! வெண்கொற்றக் குடையில்லாமல் என் தர்பார் களையிழந்து கிடக்கிறது" என்றார். இருந்த குடையைக் கொடுத்தேன். கைப்பிடிக்குப் பதிலாகத் தும்பிக்கையையே சுற்றிக்கொண்டார். பிறகு விசாரித்தேன்: இளவரசர் நிஹால் எங்கே? வடக்கே கூழாங்கல் மாகாணத்தில் சுற்றுப்பயணமாம். அந்த ராஜ்யத்தில் அவன்தான் கல் மந்திரி. எந்த ஓடையில் எந்தக் கல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் கையெழுத்தில்லாமல் நடக்காது. அவன் காலையில் ஒரு தார் வாழைப்பழம் சாப்பிடுகிறானாம், நானூறு கிளிகள் பாடம் சொல்லிக் கொடுக்கின்றனவாம், கணக்கில் மட்டும் இன்னும் மோசமாம்.

பெருநாள் சட்டையை வேங்கை மரக் கிளையில் மாட்டிவிட்டு வந்தேன். நீல நிறம். உன் உம்மாவிடம் சொல்.

குடையை இழந்த
மாமா முகைதீன்


பரங்கிப்பேட்டை
2 ஏப்ரல் 1995

அன்புள்ள மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நம்புகிறேன். எனக்குக் குடை அனுப்பவும். கம்பியோடு.

கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யானை வெற்றிலை போட்ட இடத்தில் சிரித்தாங்க. அப்புறம் "நீல நிறமா? நானாவுக்கு யார் சொன்னா அவனுக்கு நீலம் பிடிக்கும்னு" என்று தன் அண்ணனான உங்களைக் குறித்துக் கேட்டாங்க. அப்புறம் அடுப்பைப் பார்க்கப் போய்ட்டாங்க. அடுப்பில் ஒன்றும் இல்லை.

மாமா, பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் இங்கே ஒரு சண்டை. வாப்பா ஏழைகளுக்குக் கொடுக்க ஃபித்ரா அரிசி அளந்தாங்க. தலைக்கு ஒரு பங்கு என்று மூன்று பங்கு அளந்து வைத்தாங்க, வாப்பாவுக்கு, உம்மாவுக்கு, எனக்கு. உம்மா வந்து நாலாவது பங்கு அளந்து கொட்டினாங்க.

வாப்பா சொன்னாங்க: "மைமூன், ஃபித்ரா உசுரோட இருக்கிறவங்க பேருக்குத்தான் கொடுக்கணும்."

உம்மா சொன்னாங்க: "அதுனாலதான் அளக்குறேன்."

நாலு பங்கும் போய்விட்டது.

யங்கோனிலிருந்து வந்ததால் இங்கே எல்லாரும் என்னைப் பர்மாக்காரி என்கிறார்கள். நான் சொல்கிற தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நிஹாலிடம் கேளுங்கள், என்னுடைய பச்சைக் கல்லை அவன் எடுத்தானா என்று. எடுத்திருந்தால் பரவாயில்லை, வைத்துக்கொள்ளட்டும்.

உஸ்மா


பசுந்தாங், யங்கோன்
20 பிப்ரவரி 1997

யோமா தர்பாரின் நிரந்தரத் தூதுவரும், முழங்கால் வலியில் மூவுலகையும் வென்றவருமாகிய மாமன் முகைதீன், மருமகள் உஸ்மாவுக்கு.

முதலில் ஒரு சேதி. நானும் இங்கே பால் டின்னால் அளந்து இரண்டு தலைக்கு ஃபித்ரா கொடுக்கிறேன், எனக்கும் அவனுக்கும். ஆக உன் தம்பி இரண்டு தேசத்தில் ஃபித்ரா கொடுக்கப்படுகிற பெரிய மனிதன். எந்த சுல்தானுக்கும் வாய்க்காத மரியாதை. உன் வாப்பாவிடம் இதைச் சொல்லாதே. மச்சான் நியாயஸ்தர், நியாயஸ்தர்களிடம் நான் வாதாடுவதில்லை.

இனி கதை. இதை நம்பினால் நீ என் மருமகளே இல்லை.

போன வருஷத்துச் சட்டை விஷயத்தில் எனக்கும் தையற்காரர் சபாபதிக்கும் ஒரு யுத்தம் நடந்தது. துணியைக் கொண்டுபோய்ப் போட்டதும் அவர் "அளவு குடுங்க பாய்" என்றார்.

"ஆளைப் பாத்துத்தான் அளவெடுக்கணும்னா ஒமக்கு எதுக்குய்யா தையற்காரர்னு பேரு?"

"ஆளைப் பாத்து எடுப்பேன், பழைய சட்டையப் பாத்து எடுப்பேன். ஆகாசத்தப் பாத்து எப்படி எடுக்கிறது?"

என் மருமகன் எவ்வளவு உயரம் என்று அகில உலகத்துக்கும் காட்டுவதற்காகக் கையை என் காது வரைக்கும் தூக்கினேன்.

சபாபதி டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "பதினோரு வயசுப் புள்ளையா, பனமரமா?"

"எங்க வம்சம் அப்படி."

"ஒங்க வம்சத்த நான் பாக்கிறேனே பாய், தெனமும். ஸ்டூல் போட்டுத்தான் கடைக் கதவையே தெறக்குறீங்க."

இருந்தாலும் நான் சொன்ன அளவுக்குத்தான் தைத்தார். அந்தச் சட்டை போன பெருநாளுக்கு வேங்கை மரத்தில் ஏறியது.

இந்த வருஷம் போனேன். யானையார் வரவேற்றார். என் குடை அவருக்கு இப்போது தலைப்பாகையாகிவிட்டது. தர்பாரில் ஒரு கரடி புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அரண்மனைத் தையற்காரர். மீசையும் கோபமும் சபாபதியேதான். கரடியார் என்னைப் பார்த்ததும் உறுமினார். "யாரய்யா இந்தச் சட்டையை அளந்தது? இளவரசர் ஒரு வருஷமாகக் கை தெரியாமல் நடமாடினார்!" என்று போன வருஷத்துச் சட்டையை என் முன்னால் போட்டார். பார்த்தால், இரண்டு கையையும் உள்பக்கமாக மடித்து, மூங்கில்காரர்கள் சாக்கு தைக்கிற தடித்த நூலால் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறார். கழுத்துப்பட்டை தேய்ந்திருந்தது. ஆனால் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள், மரப்பொந்தில். காட்டில் சோப்பு ஏது என்று கேட்காதே. முயல்கள் இருக்கும்போது சோப்பு எதற்கு?

உடனே ராஜா எனக்கு ஒரு நதியைப் பரிசளித்தார். பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பேகோ ஊர் தாண்டும்போது பஸ்ஸில் ஒழுகி, கண்டக்டரோடு தகராறாகிவிட்டது.

இளவரசரை இந்தத் தடவையும் பார்க்கக் கிடைக்கவில்லை. தெற்கே போயிருக்கிறார்.

இந்த வருஷச் சட்டை வெள்ளை. அளவு குறைத்துத்தான் தைத்தேன்.

மாமா


பரங்கிப்பேட்டை
15 ஜனவரி 2001

மாமா,

சலாம். இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் போனபிறகு எழுதினால் எழுதவே மாட்டேன் என்று தெரியும்.

உங்கள் கடிதங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சைதாவிடம் காட்டினேன். அவள் என் உயிர்த் தோழி. அவள் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "உஸ்மா, உங்க மாமா உனக்காக எழுதுறாரு. ஆனா உனக்குப் பதினேழு வயசாச்சு" என்றாள். எனக்கு நெருப்பில் நின்ற மாதிரி இருந்தது.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில், நிஹால் புலிக்குச் சவாரி பழக்குகிறான், மீசை அரும்பிவிட்டது, ராஜா பெண் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தாங்க. அப்புறம் என்னிடம், "மீசை வந்திருக்கும்ல, இந்நேரம்?" என்று கேட்டாங்க. அவங்க சிரிக்கவில்லை மாமா. நிஜமாகவே கேட்டாங்க. அன்றைக்கு நோன்பு திறக்க வாயில் பேரீச்சம்பழத்தை வைத்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தாங்க.

காட்டில் ஆறு வயதுப் பிள்ளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வாப்பாவுக்குத் தெரியும். உம்மாவுக்கு மட்டும் தெரியாமல் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள்.

இனிமேல் அவனைப் பற்றி எழுதாதீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள். மழையைப் பற்றி எழுதுங்கள்.

உஸ்மா


பசுந்தாங், யங்கோன்
3 மார்ச் 2001

மருமகள் உஸ்மாவுக்கு, சலாம்.

கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே மழை இல்லை. குடை விற்கவில்லை. வேறு விசேஷம் இல்லை.

முகைதீன்

பி.கு.: தபால் அதிகாரி அவர்களுக்கு: இனிமேல் நீங்கள் பிரித்துப் படிக்கிற மாதிரி எதுவும் இருக்காது. மன்னிக்கவும்.


பரங்கிப்பேட்டை
20 மே 2008

அன்பு மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உயிரோடு இருக்கிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நர்கிஸ் புயலைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மரங்கள் வேரோடு கிடக்கின்றன, தகரங்கள் தெருவில் கிடக்கின்றன. உம்மா ஒவ்வொரு தகரத்தையும் பார்த்து "அது நானா வீட்டுதா?" என்று கேட்கிறாங்க. டெலிபோன் போகவில்லை. உங்கள் ஊர் லான்மடாவுக்குச் சரக்கு எடுக்க வருகிற பர்கத்துல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் எப்போது போய்ச் சேருவாரோ.

ஏழு வருஷமாகப் பெருநாள் வாழ்த்து மட்டும் எழுதிக்கொள்கிறோம். நீங்கள் மழையைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கேட்டேன் என்பதற்காக இவ்வளவு கீழ்ப்படிய வேண்டுமா? என் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதிய வாழ்த்தில் ஒரு பொய்கூட இல்லை. எவ்வளவு அழுதேன் தெரியுமா?

இப்போது எனக்கு ஒரு பையன், தவ்ஹீத். மூன்று வயது. போன வாரம் கதை கேட்டு அடம்பிடித்தான். எனக்குக் கதை சொல்ல வராது. எழுந்துபோய் உங்கள் பழைய கடிதங்களை எடுத்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள், உம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாங்க. ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் யானைக்குச் சிரித்தான். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

அத்தனை கடிதத்திலும் அத்தனை பொய் சொல்லியிருக்கிறீர்கள். யானை பேசுகிறது, நதி ஒழுகுகிறது. ஆனால் நிஹாலை நேரில் பார்த்தேன் என்று மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை. வடக்கே போயிருக்கிறான், தெற்கே போயிருக்கிறான், வேட்டைக்குப் போயிருக்கிறான். அந்த ஒரு பொய்யை மட்டும் உங்களால் சொல்ல முடியவில்லை இல்லையா?

இங்கே வந்துவிடுங்கள் மாமா. அறை இருக்கிறது. கடைத்தெருவில் குடை ரிப்பேர் பார்க்க ஆளே இல்லை.

உஸ்மா


பசுந்தாங், யங்கோன்
11 ஜூலை 2008

உலகமகா புயலை ஒற்றைக் குடையால் எதிர்கொண்டு, குடையை மட்டும் பறிகொடுத்து மீண்ட மாவீரன் மாமா முகைதீன், அனுமதி திரும்பக் கிடைத்த பூரிப்பில், உஸ்மாவுக்கும் இளைய நவாப் தவ்ஹீதுக்கும் எழுதிக்கொள்வது.

தபால் அதிகாரி அவர்களே, நீங்கள் ஓய்வுபெற்றுவிட்டீர்களா? ஏழு வருஷமாக உங்களைத் தேடினேன்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். எங்கள் தகரம் முழுவதும் போய்விட்டது, உன் உம்மா தொலைக்காட்சியில் பார்த்தது அதில் பாதியாக இருக்கலாம். காற்று வந்து கடைக் கதவைத் திறந்து, அறுபது குடைகளையும் ஒரே சமயத்தில் விரித்தது. அவை வரிசையாகப் பறந்து பசுந்தாங் கால்வாய்க்கு மேலே தொழுகைக்கு நிற்பதுபோல நின்றன. பிறகு மேற்கே கிளம்பின. பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் கறுப்புக் குடை ஒதுங்கினால் அது என்னுடையது. விலை போட்டு வை.

நிஜமாக நடந்தது: சபாபதியின் தையல் மெஷினைத் தண்ணீரிலிருந்து நானும் அவரும் தூக்கினோம். அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கு இடுப்பு போனது. "இந்த வருஷச் சட்டைக்கு முன்பணம் இதுதான் பாய்" என்றார்.

ஆமாம், சட்டை இன்னும் போகிறது. நீ எழுதாதே என்றாய், எழுதவில்லை. போகாதே என்று நீ சொல்லவில்லையே.

ஆனால் ஒரு சங்கடம். நம் பெருநாள் வருஷத்துக்குப் பத்து பதினோரு நாள் பின்னால் நடக்கிற ஆள். அவன் தொலைந்த காலத்தில் பெருநாள் கோடையில் வந்தது. ஓடையில் முழங்கால் தண்ணீர், ரோட்டில் புழுதி, மூங்கில் லாரியில் ஏறி சுகமாகப் போவேன். இப்போது பெருநாள் மழைக்குள் இறங்கிவிட்டது. சேறு, பாலம் போய்விடும், லாரிக்காரன் "சாகவா போறீங்க அபாஜி, பெரியவரே?" என்று பர்மா மொழியில் திட்டுகிறான். முழங்காலும் அவன் கட்சி. போன வருஷம் பாதியில் இறங்கி, ஒரு டீக்கடைக்காரியிடம் சட்டையைக் கொடுத்து, யாராவது அந்தப் பக்கம் போனால் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். மாட்டினாளோ, தன் பேரனுக்குப் போட்டாளோ. போட்டிருந்தால் நல்லதுதான், நூல் உறுதி.

அங்கே வந்துவிடு என்கிறாய். அந்தக் கழுதை நிஹாலுக்கு இந்த வீட்டு விலாசத்தைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தது நான். மாடிப்படி எண்ணிக்கை வரைக்கும் பாடுவான். பாட்டை மாற்றிச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதபோது நான் எப்படி வீட்டை மாற்றுவது?

தவ்ஹீதுக்கு ஒரு யானை அனுப்புகிறேன். வழியில் சுங்கத்தில் பிடித்துவிட்டால் என்னைக் குறை சொல்லாதே.

மாமா


பரங்கிப்பேட்டை
18 ஆகஸ்டு 2010

அன்பு மாமா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு நல்லபடியாகப் போகிறதா? பர்கத்துல்லா நாளை கிளம்புகிறார், அவசரமாக எழுதுகிறேன். திரும்பும்போது உங்கள் பதில் அவர் கையில் இருக்க வேண்டும். பெருநாளுக்கு முன்னால் அவர் வந்துவிடுவார்.

வாப்பாவுக்கு ஈரல் நோய் முற்றிவிட்டது. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். வாப்பா தெளிவாக இருக்காங்க. எல்லாரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாங்க.

"எனக்கு ஜனாஸா தொழுறதுக்கு முன்னாடி எம் புள்ளைக்குத் தொழணும். நான் நின்னு தொழணும். நிக்க முடியாட்டி உட்கார்ந்து தொழுவேன்."

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டோம். இத்தனை வருஷமாகத் தகவல் இல்லாத பிள்ளை, இறந்தவர்களுக்கான தொழுகையை உடல் இல்லாமலே காயிப் ஜனாஸாவாகத் தொழலாம் என்றார். பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்று பேச்சு.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருக்கிற புள்ளைக்கு மையித்துத் தொழுகையா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாங்க. வாப்பா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மைமூன், நான் போய் அங்க அவனத் தேடணும்டி. அவன் அங்க இருக்கானா இல்லையான்னு தெரியாம எப்படிப் போறது?" என்றாங்க. மாமா, வாப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. நியாயஸ்தர் என்று நீங்கள் எழுதுவீர்களே, அவரேதான்.

கடைசியில் உம்மா கதவைத் திறந்து சொன்னாங்க: "நானாவைக் கேளுங்க. பத்தொம்பது வருஷமா அந்தக் காட்டுக்குப் போறது அவருதான். கதை விடாம சொல்லச் சொல்லுங்க. அவரு தொழச் சொன்னா தொழுங்க. இந்தப் பெருநாளுக்கு ஃபித்ரா ரெண்டு தலைக்கா, மூணு தலைக்கான்னு அவரு சொல்லட்டும்."

நான் இப்போது தனி வீடு, என் கணக்கு தனி. அவங்க வீட்டில் வாப்பா, உம்மா. இரண்டா, மூன்றா? அவ்வளவுதான் கேள்வி.

யானை வேண்டாம் மாமா, இந்த ஒரு கடிதத்தில் மட்டும். உங்களைத் திட்டி ஒரு தடவை எழுதினேன், அது போல அல்ல இது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உஸ்மா


பசுந்தாங், யங்கோன்
29 ஆகஸ்டு 2010

உஸ்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பட்டங்கள் எதுவும் போடவில்லை, பார். பேனா நடுவழியில் நிற்கிற லாரி மாதிரி முக்குகிறது. இரண்டு காகிதம் கிழித்தேன். பர்கத்துல்லா எதிரே உட்கார்ந்து, "பாய், பொய் எழுதக்கூட இவ்வளவு நேரம் ஆகாதே" என்கிறார்.

முதலில் உன் வாப்பா ஜமால் மச்சானுக்கு. தொழச் சொல். நின்று தொழட்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து தொழட்டும், அதே நேரத்தில் நானும் இங்கே தொழுகிறேன்.

இனி மைமூனுக்கு. தங்கச்சி, ஜனாஸாத் தொழுகையில் ஓதுகிற துஆவை நீ கேட்டிருப்பாய். நம் வாப்பாவுக்கு ஓதினார்கள், உம்மாவுக்கு ஓதினார்கள். யா அல்லாஹ், எங்களில் உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும், இங்கே இருப்பவர்களையும் இங்கே இல்லாதவர்களையும் மன்னிப்பாயாக. அப்படித்தான் தொடங்குகிறது. நான் இட்டுக்கட்டியது இல்லை, ஹஜ்ரத்தைக் கேள். உயிரோடு இருப்பவர்களை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைச் சொல்கிறது. இல்லாதவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. நம் பிள்ளை எதில் இருக்கிறானோ அதில் போய்ச் சேரட்டும். அதனால் அவன் செத்துவிட்டான் என்று ஆகாது. அவன் வாப்பா அவனுக்காக ஒரு தடவை நின்றார் என்று ஆகும். அந்த மனுஷன் ஒரு தடவை நிற்கட்டும் மைமூன். நீயும் நானும் இத்தனை வருஷம் நின்றோம், அவர் நியாயம் பேசிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஃபித்ரா மூணு தலைக்கு அள. நான் இங்கே எப்போதும்போல ரெண்டு தலைக்கு அளப்பேன். ஒன்று ஜனாஸா, ஒன்று ஃபித்ரா, இரண்டும் எப்படி ஒரே பிள்ளைக்கு என்று யாராவது கேட்டால், பர்மாவில் ஒரு பைத்தியக்காரக் குடைக்காரன் சொன்னான் என்று சொல்.

உஸ்மா, இது உனக்கு. கதை விடாமல் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன்.

யானையார் பொய். வெற்றிலை பொய். நானூறு கிளி, கல் மந்திரி, புலிச் சவாரி, பஸ்ஸில் ஒழுகிய நதி, எல்லாம் பொய். அங்கே போனால் ஒன்றுமே இருக்காது. ஓடைச் சத்தம் இருக்கும். மூங்கில் உரசும். நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பிறகு டீ குடிப்பேன், பிறகு பழைய சட்டை நைந்து தொங்குவதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவேன். வருஷா வருஷம் அவ்வளவுதான். அதை எப்படி ஒரு பெண்பிள்ளைக்குக் கடிதமாக எழுதுவது?

ஒரு வருஷம் மட்டும் அப்படி இல்லை. காது உயரத்துக்குக் கையைத் தூக்கி, சபாபதியோடு சண்டை போட்டுத் தைத்த சட்டை. அடுத்த பெருநாளுக்குப் போனபோது அது கிளையில் இல்லை. மரப்பொந்தில் இருந்தது. துவைத்து மடித்து, கை இரண்டும் மடித்துத் தைத்து, கழுத்தில் தேய்ந்து.

ஒரு வாரம் அங்கேயே கிடந்தேன். மூங்கில்காரர் குடிசைகள், கரி சுடுகிறவர்கள், யானைக்காரர்கள், எல்லாரையும் கேட்டேன், சட்டையைக் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கரி சுடுகிற குடும்பம் ஒன்று சில நாளைக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம், பிள்ளைகள் இருந்தனவாம், எத்தனை என்று தெரியாதாம். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். அடுப்புக் குழிதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சட்டையும் அப்படித் திரும்பி வரவில்லை.

போட்டது யார்? எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கரிக்காரர் பிள்ளையாக இருக்கும் என்றுதான் புத்தி சொல்கிறது. அப்படியே இருந்தாலும், பனமர அளவுக்கு வந்த சட்டையை ஒரு தாய் உட்கார்ந்து கை மடித்துத் தைத்து, அது ஒரு பிள்ளை மேல் ஒரு வருஷம் இருந்து, திருடியது அல்ல என்று துவைத்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அதை நான் சேதியாக எழுதியிருந்தால் மைமூன் அடுத்த கப்பலில் வந்து அந்த மரத்தடியில் குடியிருந்திருப்பாள். எழுதாமலும் இருக்க முடியவில்லை. அதனால் கரடியிடம் கொடுத்தேன்.

சட்டை பர்கத்துல்லா கையில் வருகிறது. நீ முதலில் பார். பிறகு உன் வாப்பாவிடம் கொடு, பிறகு உன் உம்மாவிடம். கையிலிருக்கிற நூலை யாரும் பிரிக்க வேண்டாம்.

இந்தப் பெருநாளுக்கும் மழைதான். ரோடு போகிற வரைக்கும் போகிறேன்.

மாமா முகைதீன்

பி.கு.: கரடி தைத்தது என்று எழுதினேன், அது பொய். தைத்திருந்தது மெய்.